நான்கு சென்ட் ஆடுகளம்

நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றை ஓட்டுகிறார் அந்தத் தம்பி. ஊர் ராசிபுரம் பக்கம். ஆறடி இரண்டங்குல உயரம். அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மா சேகோ ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கப் போகிறவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி இவர்தான். அண்மையில் ஒரு டீக்கடையில் சந்தித்தபோது கைபேசியைத் தேடி ஒரு பழைய படத்தைக் காட்டினார். பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட பனியனோடு, கூடைப்பந்தை இடுப்பில் அணைத்தபடி நிற்கிறார். கல்லூரி மூன்றாம் ஆண்டில் தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியபோது எடுத்த படம்.

"அதுக்குச் சான்றிதழ் வாங்கி வெச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டோம்.

"ஒன்னு குடுத்தாங்கண்ணா. மழைக்கு வீடு ஒழுகினப்ப நனைஞ்சு போச்சு. வேலைக்கு எழுதிப் போடலாம்னு பார்த்தா, படிவம் மூணு வேணும்னு போட்டிருந்தாங்க. அது என்னன்னே எனக்குத் தெரியாது."

அதே அணியில் உடன் ஆடிய இரண்டு பேர் இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் ஒரு வங்கி அணியில், இன்னொருவர் காவல் துறையில். தம்பி அவர்கள் மீது வருத்தமாக எதுவும் சொல்லவில்லை. "அவங்க வீட்ல அப்பா, சித்தப்பா எல்லாம் ஆடினவங்கண்ணா. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றார்.

இந்த ஒரு வரியைத்தான் இந்த வாரம் நாம் பேச வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய ஒருவர், படிப்பு முடிந்த பிறகும் அந்த ஆட்டத்தை வைத்தே வாழ முடியுமா? நாட்டுக்காக ஆட முடியுமா? வெளிநாட்டுக்குப் போக முடியுமா? முடியும் என்பதற்கு நம் கண்முன்னே சான்றுகள் இருக்கின்றன.

கோட்டயத்துப் பெண் கீது அன்னா ஜோஸ், சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடியவர். தென்னக ரயில்வேயில் வேலை பெற்றார். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் அணிகளின் தேர்வுக்கே அழைக்கப்பட்டார். நம் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். 18 ஆண்டுகள் தேசிய அணியில் ஆடினார். அவருக்கும் வேலை தந்தது தென்னக ரயில்வேதான். குழந்தை பெற்ற பிறகும் திரும்பி வந்து களம் இறங்கினார். 2017இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவை வென்று இந்தியப் பெண்கள் மேல் பிரிவுக்கு ஏறியபோது அந்த அணியில் அவர் இருந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பஞ்சாப் கிராமத்து விவசாயி மகன் அம்ரித்பால் சிங்கின் கதை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது. சிறு வயதில் அவர் ஆடியது கபடி. கூடைப்பந்தைத் தொட்டதே பதினெட்டு, பத்தொன்பது வயதில்தான். அவர் உயரத்தைக் கவனித்த ஒருவர் இருந்தார், சோறும் இடமும் கொடுத்துப் பயிற்சி தந்த லூதியானா அகாடமி இருந்தது. 2017இல் ஆஸ்திரேலியத் தேசிய லீக்கின் சிட்னி கிங்ஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. கல்லூரிக்கு வந்த பிறகுதான் பந்தைப் பார்த்தோம் என்று தாழ்வாக நினைக்கும் மாணவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

தமிழ்நாடு இந்த ஆட்டத்தில் பின்தங்கிய மாநிலமும் இல்லை. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் நம் ஆடவர் அணி பஞ்சாபை வீழ்த்திக் கோப்பையை வென்றது. சென்னை பெயரில் தொழில்முறை லீக் அணியும் வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன இரண்டு பெண்களையும் தாங்கி நின்றது ஒரு மாதச் சம்பள வேலை. நம் நாட்டில் கூடைப்பந்துக்கான தனியார் லீக்குகள் நிலையானவை இல்லை. 2015இல் ஆரவாரத்தோடு தொடங்கிய யூபிஏ லீக் சில பருவங்களோடு நின்றுபோனது. ஆகவே இந்தியாவில் கூடைப்பந்து வீரர் என்றால், முதலில் ரயில்வே, வங்கி, வருமான வரித் துறை, காவல் துறை, ராணுவம் என்று ஏதோ ஓர் அணியில் வேலை. அதன் மேல் மாநில அணி. அதற்கு மேல் தேசிய அணி. அங்கிருந்துதான் வெளிநாடு. இந்த ஏணியின் கீழ்ப்படி கல்லூரி. அந்தப் படியில் நம் பிள்ளைகள் காலை வைத்துவிட்டார்கள். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் ஆளில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. கல்லூரிக்கு வரும் வரை ஏன் நம் பிள்ளைகள் கூடைப்பந்தைப் பார்ப்பதே இல்லை?

சேலத்திலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலையில் பேருந்தில் வந்து பாருங்கள். இரு புறமும் தனியார் பள்ளிகள், பொறியியல் கல்லூரிகள். காம்பவுண்டு சுவருக்கு மேலே கூடைப்பந்துப் பலகை தெரியும். அந்தச் சுவருக்கு வெளியே, கிளைச் சாலையில் திரும்பி ஊரைத் தாண்டினால் நம் குடியிருப்பு. அங்கே விளையாட்டு என்றால் கபடியும், இரண்டு கம்பம் நட்டு ஆடும் வாலிபாலும்தான். அதற்கும் இடம் தேட வேண்டும். ஊர் மைதானம் என்று இருப்பது பல இடங்களில் கோயில் மைதானமாக இருக்கிறது. அங்கே நம் பையன்கள் நின்றால் "உங்க பக்கம் போய் ஆடுங்கடா" என்ற குரல் வருகிறது. நம் பக்கத்தில் தெருவைத் தவிர வேறு இடமில்லை.

ஆட்டம் என்பது சாதியை மறக்கடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அது அத்தனை எளிதாக நடப்பதில்லை. பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் புனேயில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்து மேலே வந்தவர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குத் தனி மண் குவளை. 110 ஆண்டுகள் கழித்து, 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்காக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த வந்தனா கட்டாரியாவுக்கு என்ன நடந்தது? அரையிறுதியில் அணி தோற்ற அன்று, ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். நம் மாநிலத்திலேயே 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பிளஸ் ஒன் மாணவர் ஒருவரை இறக்கி வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் தோற்ற ஆத்திரம் என்று அந்த மாணவரின் குடும்பத்தினர் சொன்னார்கள். நம் பிள்ளை தோற்றாலும் குற்றம், வென்றாலும் குற்றம்.

இதற்காக ஆட்டத்தை விட்டுவிட முடியுமா? அமெரிக்கக் கறுப்பின மக்கள் விடவில்லை. இன்று கூடைப்பந்து என்றாலே உலகத்துக்கு நினைவுக்கு வருவது அவர்கள்தான். ஆனால் 1950 வரை என்பிஏ லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று முதன்முதலாகக் களம் இறங்கிய ஏர்ல் லாய்டு, வெஸ்ட் வர்ஜீனியா ஸ்டேட் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியில் படித்து ஆடியவர். தங்களைச் சேர்த்துக்கொள்ளாத நாட்டில், தங்கள் கல்லூரியையும் தங்கள் ஆடுகளத்தையும் அவர்கள் முதலில் உருவாக்கிக்கொண்டார்கள். பிறகு 1966இல் கல்லூரிகளுக்கான தேசிய இறுதி ஆட்டம். டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி, தொடக்க ஐவராகக் கறுப்பின மாணவர்களை மட்டும் இறக்கியது. எதிரே வெள்ளையர் மட்டுமே இருந்த கென்டக்கி. 72க்கு 65 என்று கறுப்பின மாணவர்கள் வென்றார்கள். அதன் பிறகு தென் மாநிலக் கல்லூரிகளால் கதவைச் சாத்தி வைக்க முடியவில்லை.

நம் மண்ணில் திறமைக்குப் பஞ்சமில்லை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியவர். அம்மா காய்கறி விற்றுக் காப்பாற்றினார். சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே தாண்டிய அவர் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிசில் வெண்கலம் வென்றார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் கையைப் பிடித்துச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே சுற்றில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார் நடராஜன். ஊருக்குத் திரும்பி அவர் செய்த வேலை, 2023இல் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் திறந்தது. இடம் இல்லாமல் ஆடியவருக்குத்தான் இடத்தின் அருமை தெரியும்.

சரி, கூடைப்பந்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பத்தரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும். டோக்கியோ முதல் ஒலிம்பிக்கில் 'மூவர் கூடைப்பந்து' என்ற ஆட்டமும் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு வளையம். அணிக்கு மூவர் களத்தில், ஒருவர் மாற்று. ஆட்டம் 10 நிமிடம், அல்லது முதலில் 21 புள்ளி எடுப்பவர் வெற்றி. இதற்கு வேண்டிய களம் 15க்கு 11 மீட்டர். அதாவது நான்கு சென்ட். ஓடி நிற்கச் சுற்றிலும் இடம் விட்டாலும் ஏழு சென்ட் போதும். ஓர் ஆதிதிராவிடர் குடும்பத்துக்கு அரசு வீட்டுமனைப் பட்டா கொடுக்கும்போது பெரும்பாலும் மூன்று சென்ட் கொடுக்கிறது. ஒரு குடியிருப்பில் நூறு வீடு இருந்தால், அந்த நூறு வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு மனை அளவு இடம் கேட்கிறோம். ஒலிம்பிக்கில் ஆடும் ஆட்டத்துக்கான தளம் அதில் அமைந்துவிடும்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கென அயோத்திதாசர் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஆயிரம் கோடி ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதி வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது என்று 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறோம். பலகையில் பெயரை மாற்றும்போதே அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஓர் ஆடுகளத்தையும் கட்டித் தந்தால் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஆதிதிராவிடர், அருந்ததியர் குடியிருப்புகள் உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும், குடியிருப்பை ஒட்டிய புறம்போக்கில் ஒரு மூவர் ஆடுகளம் அமைய வேண்டும். ஊர்ப் பக்கத்தில் கட்டிவிட்டு "எல்லோரும் வரலாம்" என்று சொல்வது எப்படி முடியும் என்பது நமக்குத் தெரியும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் கல்லூரி மாணவர் விடுதிகளிலும் ஆடுகளமும், வாரம் சில நாட்களாவது ஒரு பயிற்றுநரும் வேண்டும். பகலில் கல்லூரி, இரவில் தறியோ பட்டறையோ என்று ஓடும் பிள்ளைக்குப் பயிற்சிக்கான உணவும் காலணியும் சேர வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் நியமனம் பெற்றவர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் அரசு வெளியிட வேண்டும். கணக்கு வெளியே வந்தால்தான் குறை எங்கே என்று தெரியும்.

இனி மாணவர்களுக்கு. தம்பி, தங்கைகளே, இந்தப் பத்தியைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் தனித்தனிச் சான்றுப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காகப் பிற பல்கலைக்கழகங்களோடு ஆடியவருக்குப் படிவம் 3. மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவருக்குப் படிவம் 4. போட்டி முடிந்ததும் கையில் தரும் பாராட்டுச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. படிவம் 3இல் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடித்து வெளியேறும் முன்பே உங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்பது பிச்சையில்லை, ஆடியதற்கான சான்று. ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர்கள் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். நகலெடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், கைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். தென்னக ரயில்வே முதலான நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பு வெளியிடும்போது எந்த ஆண்டு வரையிலான போட்டிகள் செல்லும் என்றும் குறிப்பிடுவார்கள். ஆகவே தள்ளிப் போடாதீர்கள்.

கல்லூரி அணியோடு நின்றுவிடாதீர்கள். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரிப் பிரிவும் உண்டு, பொதுப் பிரிவும் உண்டு. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டிலும் கூடைப்பந்து இருக்கிறது. வறுமையால் போட்டிக்குப் போக முடியாதவர்களுக்கு உதவ 2023இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டாம். வெளிநாட்டில் ஆட வைக்கிறேன், முன்பணம் கட்டு என்று எவராவது வந்தால் மட்டும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். உண்மையான கிளப் ஆட்டக்காரருக்குப் பணம் தரும், அவரிடம் வாங்காது.

பெற்றோருக்கு ஒரு சொல். பையன் ஆடப் போனால் படிப்பு கெடும், பெண் ஆடப் போனால் பேர் கெடும் என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயத்தின் காரணம் நமக்குப் புரியாமல் இல்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு ஊரைத் தாண்டித் தனியாக வர வேண்டிய பெண்ணின் தாய்க்குத்தான் அந்த வழி எப்படிப்பட்டது என்று தெரியும். அதனால்தான் ஆடுகளம் குடியிருப்பை ஒட்டியே வேண்டும் என்கிறோம். கண்ணெதிரே ஆடும் மகளை எந்தத் தாயும் தடுக்க மாட்டார்.

அந்த லாரி ஓட்டுநர் தம்பிக்கு இப்போது வயது இருபத்தேழு. இனி தேசிய அணி என்பது அவருக்குத் தொலைவுதான். ஆனால் வண்டி ஓட்டம் இல்லாத நாட்களில் அவர் ஒரு வேலை செய்கிறார். அப்பா பட்டறையில் மிச்சமான இரும்புக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து கொடுத்திருக்கிறார். குடியிருப்பின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, தரையிலிருந்து சரியாகப் பத்தடி உயரத்தில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். கீழே மண் தரை, பந்து சரியாக எழும்புவதில்லை. ஆனாலும் மாலையில் பதினைந்து, இருபது பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அவர்களில் ஆறேழு பேர் பெண் பிள்ளைகள். அந்தத் தரைக்குச் சிமென்ட் போட்டுத் தரச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறார். இந்த முறை ரசீதை நகலெடுத்து வைத்துவிட்டாராம்.

அவர் தனியாகக் கேட்டால் அது ஒரு மனு. ஊராட்சிக்கு ஊராட்சி நாம் கேட்டால் அது தீர்மானம். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருகிற கிராம சபைக்கு நம் தெருவிலிருந்து இருபது பேராவது போய் முன்வரிசையில் உட்காருவோம். அந்த இருபது பேரில் ஆடும் பிள்ளைகளும் இருக்கட்டும். "எங்கள் குடியிருப்புக்கு நான்கு சென்ட்டில் ஓர் ஆடுகளம்" என்ற ஒற்றை வரியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம். எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுவோம்.